குறுக்குச்சாலையில் நின்ற வண்டி

“ஒரே ஒரு டைகர் டாங்கி. ஏதாவது ஒரு மூலையில. யாருக்கு என்ன குறைஞ்சு போகுது?” என்று கேட்டார் ஹௌப்.

“நம்ம பக்கம் டைகர் வந்ததே இல்ல,” என்றார் சங்கத் தலைவர் லீவன். “வந்திருந்தா சேத்துல புதைஞ்சிருக்கும்.”

“அப்ப புதைஞ்ச மாதிரியே வைப்போம். பீரங்கிக் குழாய் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும். எனக்கும் வேலை மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கறிக்கடைக்காரரான ஹௌப் ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஜெர்மானியரின் அந்தப் பெரிய டைகரைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். போர்க்கால வண்டிகளைச் சின்ன உருவில் செய்யும் வேல்டைக் ஊரின் மாதிரி வண்டிச் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: படம் இல்லையென்றால் வண்டி இல்லை. அந்த வண்டி அந்த இடத்தில் நின்றதற்குப் புகைப்படம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அது செய்தவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இதைக் கேலி செய்வதுண்டு. ஆனால் சந்தேகம் வந்தால் லீவனைத்தான் தொலைபேசியில் அழைப்பார்கள்.

பழைய பழ ஏலக் கூடத்தின் பின்னறையில், சனிக்கிழமைக் காலையில், காபியும் பிசுபிசுக்கும் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று மீட்டர் நீளப் பலகை. அதன்மேல் ஊரின் குறுக்குச்சாலை, தேவாலயம், இடிந்த பள்ளிக்கூடம், வெள்ளம் சூழ்ந்த வயல்கள், அவற்றுக்கிடையே நீரேற்று நிலையத்துக்குப் போகும் ஒற்றை அணைப்பாதை, எல்லாம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில். 1944 அக்டோபர் இறுதியில் கனடாப் படை ஊருக்குள் வந்த பிற்பகல் அது. எண்பதாவது ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊர் மன்றத்தில் மேயர் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பதின்மூன்று வண்டிகள் முடிவாகிவிட்டன. பதினான்காவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அது ஏற்கனவே தயாராக இருந்தது. 1998-இல் இசாக் மின்டர்ஹவுட் செய்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊர் மன்றத்துக் கண்ணாடிப் பெட்டியில் நின்ற அதைப் புதிய பலகைக்கு மாற்றினால் போதும். சங்கிலிப் பட்டையில் ஓடும் சிறிய பிரிட்டிஷ் கவச வண்டி, கனடாப் படையும் பயன்படுத்திய வகை. போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் பிடித்து, பக்கவாட்டில் தங்கள் கருப்புச் சிலுவையை வரைந்து ஓட்டியது. அதன் பக்கத்தில் மரச்செருப்பும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர், கையை நீட்டி அணைப்பாதையைக் காட்டிக்கொண்டு நிற்பார். அணைக்காவலர் யோப் சிங்கே.

அந்தப் பாதையின் கடைசியில்தான், அதே பிற்பகலில், ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கி ஆறு கனடா வீரர்களைச் சாய்த்தது. யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வண்டியில் சிலுவை இருந்தது. மனிதர் கை நீட்டினார். பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

“பதினாலாவதுக்கு ஒரு சிக்கல் இருக்கு,” என்றாள் மாரிட். சங்கத்தில் மனித உருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவள். பேசுவது குறைவு. பையிலிருந்து பெரிய அச்சுப்படம் ஒன்றை எடுத்து ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு விரித்தாள். “அந்த வண்டிக்குச் சான்றா வச்ச படத்தை எடுத்தவரோட பேரன் பழைய நெகட்டிவ் எல்லாத்தையும் காப்பகத்துக்குக் கொடுத்திருக்கார். நான் போய்ப் பிரதி வாங்கிட்டு வந்தேன். இதுதான் முழுப் படம். நம்மகிட்ட இருந்தது ஓரத்தை வெட்டி எடுத்தது.”

இசாக் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். முதலில் கண்ணில் பட்டது முன் தகட்டில் பொருத்தியிருந்த உபரிச் சக்கரம். 1940-இல் பிடிபட்ட வண்டிகளில் அது அந்த இடத்தில் இருக்காது. பின்னாளில் வந்தவற்றில்தான் இருக்கும் என்று மற்றவர்களுக்கும் காட்டினார். அடுத்து, சிலுவை. அது சிலுவையே அல்ல. பக்கத் தகட்டில் கட்டியிருந்த மண்வெட்டி ஒன்று, அதன் குறுக்கே விழுந்த தந்திக் கம்பத்தின் நிழல் ஒன்று.

“நாப்பத்து நாலுலகூட பிடிச்சிருக்கலாமே?” என்றார் லீவன். “நார்மண்டியில எத்தனையோ வண்டி கை மாறிச்சு.”

“மாறியிருக்கலாம்,” என்றார் இசாக். “பின்னாடி உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேர் தலையைப் பாரு.”

தட்டைக் கவிழ்த்தது போன்ற தலைக்கவசம். கனடா வீரர்கள் அணிவது; ஜெர்மானியன் எவனும் அதை அணிந்ததில்லை. லீவன் நிமிர்ந்து காபியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

இசாக் இன்னும் குனிந்தபடியே இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியை அல்ல, யோப் சிங்கேயின் கையை. பழைய அச்சில் படத்தின் ஓரம் முழங்கையோடு வெட்டுப்பட்டிருந்தது. மிச்சக் கையை இசாக்தான் செய்தார், கடையில் வாங்கிய உதிரிப்பாகப் பெட்டியோடு வந்த ஓர் அதிகாரி பொம்மையிலிருந்து வெட்டி ஒட்டி. விறைப்பாக நீட்டிய கை, உயர்த்திய முகவாய். முழுப் படத்தில் அந்தக் கை விலாவை விட்டு அரைகுறையாகத்தான் விலகியிருந்தது. விரல்கள்கூடச் சரியாக நீளவில்லை. முகம் தரையைப் பார்த்தது.

1998-இல் இசாக்குக்கு முப்பத்தைந்து வயது. கால்வாய் மதகில் வேலை. தேவாலயம் வெளியிட்ட சிறு நூலில் தீப்பெட்டி அளவில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவருக்கு உடம்பே சூடாகிவிட்டது. கனடாக்காரர்களின் கவச வண்டி எல்லோரிடமும் இருக்கும். கண்காட்சிக்குப் போனால் மேசைக்கு நாலு நிற்கும். எதிரி பிடித்து, எதிரியின் குறியோடு, நம் ஊர்க் குறுக்குச்சாலையில் நின்ற வண்டி யாரிடம் இருக்கிறது? இந்தக் கலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. பொதுவானது கண்ணில் படாது, அரியது இல்லாத இடத்திலும் தெரியும். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பார்த்தார். தேடிய கண்ணுக்குச் சிலுவை கிடைத்தது. மாகாணக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். செய்தித்தாளில் அரைப் பக்கம் வந்தது. ‘சான்று பொய் சொல்லாது’ என்று தலைப்பில் அவர் சொன்ன வாக்கியத்தையே போட்டிருந்தார்கள்.

போர் முடிந்ததும் யோப் சிங்கேயை இரண்டு வாரம் அடைத்துவைத்து விசாரித்தார்கள். ஜெர்மானியர்களோடு அவர் பேசியதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். ஒன்றும் தேறாமல் விட்டுவிட்டார்கள். அவர் 1979-இல் இறந்தார். பேச்சும் அவரோடு அடங்கியிருந்தது. அதைத் தட்டி எழுப்பியது அந்தக் கண்ணாடிப் பெட்டி. “அதான் படத்துலயே இருக்கே” என்றார்கள். அவருடைய மகள் நெல் சிங்கே தேவாலயப் பாடல் குழுவிலிருந்து விலகினார். போரில் இறந்தவர்களுக்கான மே நான்காம் தேதி நினைவுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“சரி, பெரிய விஷயமில்ல,” என்றார் லீவன் கடைசியில். “இசாக், உன்கிட்ட பரண்ல வண்டிப் பெட்டி ஒண்ணு பிரிக்காம கிடக்குமே. கனடாக்கார வண்டியா ஒண்ணு செஞ்சு வச்சிடு. பழசைத் திருப்பி வைக்க வேண்டாம். யார் கவனிக்கப் போறாங்க?”

“யாருமே கவனிக்கலன்னா இத்தனை வருஷம் நாம எதுக்கு உசிரை விட்டோம்?” என்றாள் மாரிட்.

இசாக் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுவதும் புதிய வண்டியைச் செய்தார். பட்டைச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். முன் தகட்டில் உபரிச் சக்கரத்தை ஒட்டினார். மண்வெட்டியைக் கட்டினார். கைகளுக்குப் பழகிய வேலை. ஆனால் ஒவ்வொரு துண்டை ஒட்டும்போதும் ஒரு நினைவு உறுத்திக்கொண்டே இருந்தது. அது சரியாகப் பிடிபடவில்லை. யாரோ ஒருவர் இதே வண்டியைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தது போல.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குச் சுருட்டிய படத்தோடு அணை ஓரத்து வீட்டின் மணியை அடித்தார். நெல் சிங்கே கதவைத் திறந்தார். எண்பத்து நாலு வயது, கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை.

“மதகுக்கார மின்டர்ஹவுட்டோட பையன்தானே நீ.”

“ஆமாம், சிங்கே அம்மா.”

“உள்ள வா. வாசல்ல நின்னா எதிர்வீட்டுக்காரிக்குக் கழுத்து வலிக்கும்.”

காபி கொடுத்தார். பிஸ்கட் டப்பா மேசை மேலேயே இருந்தது. அதைத் திறக்கவில்லை. அந்த ஊரில் காபியோடு ஒரு பிஸ்கட் தராத வீடு கிடையாது. இசாக்குக்கு அது புரிந்தது. படத்தை விரித்து, உபரிச் சக்கரம், மண்வெட்டி, நிழல், தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். மேலதிகாரியிடம் அறிக்கை படிப்பது போலத் தன் குரல் ஒலிப்பது அவருக்கே கேட்டது. நெல் படத்தில் இருந்த வண்டியைப் பார்க்கவே இல்லை.

“அப்பாவுக்கு முடி அப்பவே கொட்டிப்போயிருந்துச்சா,” என்றார். “எனக்கு அது ஞாபகமில்ல.”

“அந்த வண்டி ஜெர்மன்காரங்களோடது இல்லம்மா. கனடாக்காரங்களோடது. நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“நான்தான் உன்கிட்ட வந்து சொன்னேனே. கண்ணாடிப் பெட்டித் திறப்பு விழாவுக்கு முந்தின நாள். மன்றத்துல நீ ஏணி மேல நின்னு விளக்கு மாட்டிக்கிட்டிருந்தே. அது கனடாக்காரன் வண்டிப்பா, அன்னிக்கு அதுல இருந்தவன் எனக்குச் சாக்லெட் குடுத்தான்னு சொன்னேன். நீ இறங்கிக்கூட வரல. ‘நாலு வயசுக் குழந்தையோட ஞாபகம் சான்று ஆகாதும்மா’ன்னே.”

ஏணி அவருக்கு ஞாபகம் வந்தது. விளக்கின் சூடு, கையிலிருந்த திருப்புளி, கீழே ஓர் ஈரக் குடை. அந்த முகம் மட்டும் வரவில்லை. அவர் அன்று கீழே பார்க்கவே இல்லை.

“மன்னிச்சிடுங்கன்னு சொல்லத்தான்…”

“அதை இந்தச் சமையலறையில சொல்லி என்ன பிரயோசனம்? நீ ஊருக்குள்ள சத்தமாச் சொன்னே. என் காதுல மெதுவாத் திருப்பி எடுக்கறே.” நெல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இன்னொண்ணு. எங்கப்பாவைத் தூக்கி வச்சுக் கொண்டாடவும் வேண்டாம். அன்னிக்குக் காலையில ஜெர்மன்காரனுங்களும் வந்து வழி கேட்டாங்க. அவங்களுக்கும் அதே பாதையைத்தான் காட்டினார்.”

இசாக் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பாக்கறே? சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. காய்ஞ்சிருந்த பாதை அது ஒண்ணுதான். துப்பாக்கியோட வந்து கேக்கறான், வீட்டுல அஞ்சு பிள்ளைங்க. சொன்னார். மத்தியானம் இந்தக் கனடாக்காரங்க வந்தாங்க. இவங்களுக்கும் சொன்னார். அங்க ஆளு ஒளிஞ்சிருக்கான்னும் சொன்னேன்னு சொல்வார். அவனுங்களுக்கு நம்ம பாஷை புரிஞ்சுதோ என்னவோ. செத்த ஆறு பேர்ல இந்த வண்டியில இருந்தவங்க உண்டா, இல்லையான்னு சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது. மழை பெஞ்சா அந்தப் பாதைப் பக்கம் போகமாட்டார்.” படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார். “இதுக்குப் படம் கேப்பியா?”

“கேக்கலம்மா.”

“சரி. காபியைக் குடி, ஆறுது.”

சங்கத்தின் இன்னொரு வழக்கம், ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு சிறிய அட்டை வைப்பது. என்ன வண்டி, எந்தப் படம் சான்று, செய்தவர் யார் என்று அதில் இருக்கும். விழாவுக்கு முந்தின சனிக்கிழமை இசாக் தன் அட்டையைக் கொண்டுவந்து லீவனிடம் கொடுத்தார். லீவன் வாய்விட்டுப் படித்தார்.

“‘1998 முதல் இந்த இடத்தில் நான் ஜெர்மன் வண்டி ஒன்றை வைத்திருந்தேன். அது தவறு. வண்டி கனடாப் படையுடையது. தெளிவில்லாத படத்தில் அரிய வண்டி ஒன்றைக் காண ஆசைப்பட்டேன். யோப் சிங்கேயின் கையை நீட்டியதும் நானே. அவருடைய மகள் நேரில் வந்து சொன்னபோது கேட்கவில்லை.’” அவர் அட்டையைக் கீழே வைத்தார். “தவறுங்கறது வரைக்கும் சரி. அதுக்கு மேல வேண்டாம்.”

“ஏன்?”

“ஆசைப்பட்டேன்னு எழுதறே. ஆசைப்பட்டதையெல்லாம் நாம வண்டியா செஞ்சு வைக்கறோம்னு நினைப்பாங்க. அப்ப மத்த பதிமூணு வண்டியையும் எவனாவது வந்து தட்டிப் பார்ப்பான். இது உன் பாவமன்னிப்புப் பெட்டி இல்ல இசாக், சங்கத்தோட பலகை.”

“நமக்கு ஆசை இல்லையா லீவன்?”

“எனக்கு இருக்குப்பா,” என்றார் ஹௌப். “டைகர்.”

யாரும் சிரிக்கவில்லை. லீவன் கை தூக்கச் சொன்னார். நீண்ட அட்டைக்கு மூன்று கை, குறுகிய அட்டைக்கு ஐந்து. மாரிட் நீண்ட அட்டைக்குக் கை தூக்கினாள்; ஹௌப்பும் தூக்கினார். மாரிட் படத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்திருந்த யோப் சிங்கேயைப் பலகையில் ஒட்டினாள். கை பாதி மடங்கியிருந்தது. பார்க்க அழகாக இல்லை. வழி காட்டுகிறாரா, தடுக்கிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது. வண்டிக்குக் கீழே, ‘முந்தைய அடையாளம் திருத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு குறுகிய அட்டை போனது.

விழா நாளில் மன்றம் நிறைந்திருந்தது. கனடாத் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்தார்கள். மேயர் பேசினார், லீவன் பேசினார். கைத்தட்டல் அடங்கியபோது இசாக் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து நின்றார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. லீவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இசாக் சட்டைப் பையிலிருந்து நீண்ட அட்டையை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அவருக்கு மேடைப் பழக்கம் கிடையாது. மதகில் படகுகளுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். ‘மகள் நேரில் வந்து சொன்னபோது கேட்கவில்லை’ என்ற இடத்தில் தடுமாறினார். நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்.

ஒருவரும் கை தட்டவில்லை. யாரோ இருமினார்கள். அப்போதுதான் நெல் சிங்கே கதவருகே நிற்பதை அவர் பார்த்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, வந்த வேகத்தில் திரும்பிவிடுபவர் போல.

மேயர் நல்ல பெண்மணி. மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. “அப்படின்னா,” என்றார் பிரகாசமான குரலில், “நம்ம ஊர்ல இத்தனை வருஷமா ஒரு வீரர் அடையாளம் தெரியாம இருந்திருக்கார்! விடுதலைப் படைக்கு வழி காட்டினவர். நீரேற்று நிலையத்துப் பாதைக்கு அவர் பேரை வைக்கலாம்னு அடுத்த மன்றக் கூட்டத்துல நானே முன்மொழியறேன்.”

இப்போது கைத்தட்டல் வந்தது. உரக்க வந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ரொட்டிக்கடையில் நெல்லைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் தட்டினார்கள், ஒரு சுமை இறங்கிய சந்தோஷத்தோடு. ஒரு தவறான வண்டியை எடுத்த இடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நெல்லின் சமையலறையில் கேட்டது இசாக்குக்குத் தெரியும். சொல்லலாம். ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது அல்ல.

“அவங்க மகள் இங்கதான் இருக்காங்க,” என்றார் உரக்க. “முதல்ல அவங்களைக் கேளுங்க. இந்தத் தடவையாவது கேப்போம்.”

தலைகள் திரும்பின. நெல் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்படுகிறாரா என்று இசாக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“பாதைக்குப் பேரு வேண்டாம்,” என்றார் நெல். மெல்லிய குரல், முன்வரிசைக்காரர்கள் காதைத் திருப்பினார்கள். “எங்கப்பா வழி கேட்டவங்களுக்கெல்லாம் வழி சொன்னார். காலையில ஒருத்தருக்கு, மத்தியானம் ஒருத்தருக்கு. காய்ஞ்ச பாதை ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல ஆறு பையன்கள் செத்தாங்க. வைக்கறதா இருந்தா அவங்க பேரை வைங்க.”

மேயர் கையிலிருந்த தாளை மடித்தார். தூதரகத்துக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். லீவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அவசரமாக ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நெல்லின் அருகே வைத்தார்.

நெல் உட்காரவில்லை. கூட்டம் வழிவிட, பலகையின் அருகே வந்து குனிந்து பார்த்தார். இசாக் பக்கத்தில் நின்றார். என்ன சொல்வார் என்று காத்திருந்தார். நெல் வெகுநேரம் பார்த்தார், பிறகு மேல்கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

“இங்க கொஞ்சம் சூடா இருக்கு,” என்றார். “தண்ணி எங்க கிடைக்கும்?”

இசாக் கொண்டுவரப் போனார்.